குறைவுச் சீட்டு

பிஸ்கட் ரின்னில் வந்திருக்கிறது
வெல்லாவெளியின் ஐம்பது போர்டுக்கான சாமான்.
யானை கம்பியைத் தொட்டால் ஊருக்குச் சொல்லும் போர்டு;
கம்பத்துக்கு ஒன்று.
மூடியைச் சுற்றி நாலு சுற்று ரேப்.
உள்ளே, நனைந்து காய்ந்த கொப்பித் தாள்:
"எல்லாம் சரியா இருக்கு. அவசரம். கோகுலதர்சன்."

எல்லாம் சரியாக இருக்கிறது என்பதை
இந்த மேசையில் நான் நம்புவதில்லை.
அது மரியாதைக் குறைவல்ல,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மார்கழி. கல்லடியில் வாவி
றோட்டுக்கு ஏறப் பார்க்கிறது.
கதவிடுக்கில் பழந்துணி அடைத்திருக்கிறோம்.
ஈரங்காட்டும் அட்டையில் நீலமாய் நிற்க வேண்டிய புள்ளிகள்
மூன்றும் ரோஸ் நிறம்.
"இப்பிடியே சூட்டுக்குள்ள போனா
நெல்லுப் பொரியிற மாதிரி வெடிக்கும்" என்கிறான் ஹஸ்னி.
ஐசிகளைத் தட்டோடு அவணில் வைத்தான்.
இருபத்துநாலு மணித்தியாலம்,
கரண்ட் போகாத இருபத்துநாலு.

பிறகு தாள்கள்.
பட்டியலில் D4 இருக்கிறது.
படத்திலும் இருக்கிறது, கோடு எந்தப் பக்கம் என்று இல்லை.
இயந்திரத்துக்கான கோப்பில்
D4 பிறக்கவே இல்லை.

கோல் எடுத்தேன். வேலியடியில் நின்றார்.
தூரத்தில் வெடிச் சத்தம், நாய்கள்.
"பழைய மாதிரியே போடுங்க தங்கச்சி."
பழைய மாதிரியை நான் கண்டதில்லை அண்ணன்,
எழுதித் தாங்க.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மழை மட்டும் பேசியது.

வந்தது ஒரு போட்டோ.
டோர்ச் வெளிச்சத்தில் படம், சிவப்புப் பேனையில் அம்பு,
ஓரத்தில் சேறு காயாத பெருவிரல்.
அச்செடுத்துத் திகதி போட்டுக் கோவையில் குத்தினேன்,
விரலையும் சேர்த்து.

மூன்று கால் டிரான்சிஸ்டர்:
போர்டுக்கு நாலு, ஐம்பதுக்கு இருநூறு.
"200" என்று எழுதிய உறைக்குள்
துண்டு துண்டாய் நாடா.
குழி குழியாய்ச் சாமணத்தால் தொட்டு எண்ணினேன்.
நூற்று எண்பத்தேழு.
காற்றாடியை நிறுத்திவிட்டுத் திரும்பவும் எண்ணினேன்.
நூற்று எண்பத்தேழு.

இயந்திரத்துக்குக் கொடுத்தால்
நாடாவின் தலையில் கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் தொடங்கும்.
"இதுகளைக் கையால வைப்பம்" என்றான் ஹஸ்னி.
அப்படியும் நாற்பத்தாறு போர்டு. மீதி மூன்று.

நாலு போர்டு குறைந்தால்
நாலு கம்பம் வாய் திறக்காமல் நிற்கும்.
குடலைப் பருவத்தில் பயிர்.
குளக்கட்டுப் பக்கத்துக் கம்பங்களா,
பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியா?
எண்ணம் அங்கே போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்தேன்.
அதை எழுத இந்தச் சீட்டில் கட்டம் இல்லை.
இருந்தாலும் அது அவருடைய கட்டம்.
"தேவை 200. வந்தது 187" என்று மட்டும் எழுதினேன்.

ரின்னை மூடப் போனபோதுதான் கண்டேன்.
ரேப்பின் பசையில்
எள்ளுக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்று.
பூதக்கண்ணாடிக்குக் கீழே எழுத்துச் சரி.
நூற்று எண்பத்தெட்டு! நாற்பத்தேழு!
ஹஸ்னியைக் கூப்பிட்டுக் காட்டினேன், சத்தமாகத்தான்.

பிறகு யோசனை.
பசை பட்டது. யார் கை பட்டதோ.
சட்டையில் உரசிய மின்சாரம் தீண்டியிருந்தால்
வெளியே காயம் தெரியாது.
இன்றைக்கு வேலை செய்யும்,
ஏதோ ஓர் இரவில் செய்யாது.

தனி உறையில் இட்டு மேலே எழுதினேன்:
நாடாவிலிருந்து பிரிந்தது, ஒன்று.
பாவிப்பதா? பதிலை எழுத்தில் தரவும்.

சீட்டைப் படமெடுத்து அனுப்பியாயிற்று.
ஒற்றைச் சரி, சாம்பல் நிறத்தில்.
படுவான்கரையில் சிக்னல் இல்லையோ,
அவருடைய இரண்டு கையிலும் டோர்ச்சோ.

அவணில் இன்னும் பதினொரு மணித்தியாலம்.
கரண்ட் இதுவரை போகவில்லை.